கடைக்கயிற்றில் தொங்கிய உளவாளி

2014 அக்டோபரில், மின்சாரம் போய் வீட்டுக்குள் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்த ஒரு மழை மாலையில், பார்வதிபுரத்து அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்துப் பேச்சைத் தொடங்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "மக்கா, கேட்டியா? பாண்டு எழுத அடுத்த ஆளு கிடைச்சாச்சு. ஆன்டனி ஹோரோவிட்ஸாம். சின்னப் பிள்ளையளுக்கு உளவாளிக் கதை எழுதுறவன்லா அவன்?" என்றார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய முன்னறை அலமாரியில், ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங் எழுதிய 12 பாண்ட் நாவல்களும் 2 சிறுகதைத் தொகுப்புகளும் பழுப்புத்தாள் அட்டையிட்டு, முதுகில் அவர் கையெழுத்தில் ஆண்டு குறிக்கப்பட்டு, 1953 முதல் 1966 வரை வரிசையாக நிற்கும். ஃப்ளெமிங்குக்குப் பிறகு பாண்டை எழுதியவர்களின் புத்தகங்கள் அதற்குக் கீழ்த்தட்டில் அட்டை போடப்படாமல் கிடக்கும். ஏன் அட்டை போடவில்லை என்று கேட்டால், "அதுக்கு இந்த மரியாத போதும்" என்பார். ஆனால் ஒன்று விடாமல் வாங்குவார்.

படைத்தவன் போனபின் பாத்திரமும் போய்விட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்து என் கட்சி. 2008இல் சுஜாதா மறைந்தபோது, கணேஷும் வசந்தும் அவரோடு வழக்காடுவதை நிறுத்திக்கொண்டதில் வருத்தத்துக்கு நடுவே எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகியை நூலகத்தில் கையில் எடுத்து, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, வந்தியத்தேவன் என் வந்தியத்தேவனாக இருக்கமாட்டான் என்ற அச்சத்தில் திருப்பி வைத்தவன் நான். அன்றும் அண்ணாச்சியிடம் அதையேதான் சொன்னேன்: செத்தவரின் சட்டையை இன்னொருவருக்குப் போட்டு அழகு பார்ப்பது எதற்கு? சொல்லிவிட்டு வைத்தேன். இரவு பத்து மணிக்கு மின்சாரம் வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் புத்தகம் எந்த மாதம் வெளிவருகிறது என்று தேடியது.

இந்த முரண் என்னை உறுத்தத் தொடங்கியது அன்றுதான். வேண்டாம் என்று வாதாடுகிற ஒன்றுக்காக நாள் எண்ணிக் காத்திருக்கிறவன் வாதத்தில் பொய்யனா, காத்திருப்பில் பொய்யனா என்று எனக்குத் தெரியவில்லை.

கீழ்த்தட்டு

அண்ணாச்சியின் கீழ்த்தட்டைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1964 ஆகஸ்டில் ஃப்ளெமிங் இறந்தபோது அவருக்கு வயது 56. நான்கு ஆண்டுகளுக்குள், 1968இல், 'கர்னல் சன்' வந்துவிட்டது. எழுதியவர் கிங்ஸ்லி ஏமிஸ். அட்டையில் இருந்த பெயரோ ராபர்ட் மார்க்கம். பின்னால் யார் யார் எழுதினாலும் எல்லாரும் அந்த ஒரே பெயருக்குள் புகுந்துகொள்ளட்டும் என்பது உரிமையாளர்களின் திட்டம். ஒரே புத்தகத்தோடு அந்தப் பெயர் நின்றுபோனது. ஃப்ளெமிங்கின் மனைவி ஆன், இப்படி இன்னொருவர் தொடர்வதையே கடுமையாக எதிர்த்தார் என்பதை அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். "பெண்டாட்டிக்கே பிடிக்கல்ல, நமக்கு எப்பிடிப் பிடிக்கும்?" என்பது அவருடைய தர்க்கம். அந்தத் தர்க்கத்தின்படி பார்த்தால் கீழ்த்தட்டு காலியாக அல்லவா இருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று அவர் எனக்குக் காப்பி தரவில்லை.

ஜான் கார்ட்னர் 1981இல் தொடங்கி 1996 வரை எழுதினார். திரைப்படங்களிலிருந்து எழுதிய இரண்டைக் கழித்தாலும் அவருடைய பாண்ட் நாவல்கள் 14. அதாவது ஃப்ளெமிங்கின் பாண்ட் நூல்கள் மொத்தம் எத்தனையோ அத்தனை. அவருடைய பாண்ட் சாப் கார் ஓட்டினான். அண்ணாச்சிக்கு அந்தக் காரைப் பற்றி முப்பது வருடமாக ஆறாத கோபம் உண்டு. ஃப்ளெமிங் பிறந்த நூற்றாண்டான 2008இல் வந்த 'டெவில் மே கேர்' நூலின் அட்டையில், 'இயன் ஃப்ளெமிங்காக எழுதுபவர் செபாஸ்டியன் ஃபோக்ஸ்' என்ற பொருளில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியே எனக்கு அந்தப் புத்தகத்தைக் கசப்பாக்கிவிட்டது. இன்னொருவராக எழுதுகிறேன் என்பது பணிவாகத் தோன்றும் ஆணவம். 2011இல் ஜெஃப்ரி டீவர் பாண்டை இன்றைய காலத்துக்கு இழுத்து வந்து, ஆப்கானிஸ்தானில் பணிபுரிந்த இளைஞனாக்கினார். விறுவிறுப்பாகப் படித்தேன், ஒரு முகமும் நினைவில் நிற்கவில்லை. 2013இல் வில்லியம் பாய்ட், 1969இல் நடப்பதாக, உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாட்டுக்கு நாற்பத்தைந்து வயதுப் பாண்டை அனுப்பினார். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

ஹோரோவிட்ஸின் புத்தகத்துக்கு நாங்கள் காத்திருந்த பதினொரு மாதங்களில் செய்தி சொட்டுச் சொட்டாக வந்தது. கதை 1957இல், 'கோல்ட்ஃபிங்கர்' முடிந்த சில நாட்களிலேயே தொடங்குகிறதாம். தொலைக்காட்சிக்காக ஃப்ளெமிங் எழுதி, படமாகாமலே போன ஒரு கார்ப்பந்தயக் கதைக்குறிப்பை உள்ளே பயன்படுத்துகிறாராம். இந்தக் கடைசிச் செய்தி எங்களை இரண்டு கட்சியாக்கியது. ஃப்ளெமிங்கின் கையே அதில் பட்டிருப்பதால் மேல்தட்டுக்குத் தகுதி உண்டு என்று நான் சொல்ல, அண்ணாச்சி ஒரே போடாகப் போட்டார்: "தவசிப்பிள்ளை மாறிட்டா, நீ அவருக்க கரண்டியக் கொண்டு கொடுத்தாலும் அவியல்ல தெரிஞ்சிரும்." நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. முதல் உருண்டையிலேயே, "இது அவரு கை இல்லியே" என்று இலையிலிருந்து தலையை நிமிர்த்துகிற பெரியவர்கள் எல்லாப் பந்தியிலும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுந்து போய்விடுவதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். இரண்டாம் பாயசம் வரை இருந்து, குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

மச்சில் கிடைத்த கட்டு

அடுத்த வைகாசியில் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் பழைய வீட்டின் ஓட்டை மாற்ற வேண்டியிருந்தது. மழை பிடிப்பதற்கு முன் மச்சைக் காலி செய்து கொடு என்று அம்மா பலமுறை சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறினேன். ஒடிந்த முறம், பித்தளை விளக்கின் தண்டு, அப்பாவின் குடைக்கம்பி, இவற்றுக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு. பிரித்தால் ராணி காமிக்ஸ். 1984இல் அந்த இதழ் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. தக்கலைப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த பெட்டிக்கடையில், வாழைக்குலைக்குப் பக்கத்தில் குறுக்கே கட்டிய கயிற்றில், நடுப்பக்கத்தில் மடிந்து தலைகீழாக அது தொங்கும். ஜேம்ஸ் பாண்டை நான் முதலில் பார்த்தது அந்தக் கயிற்றில்தான். திரைப்படத்தில் பார்த்ததும் ஃப்ளெமிங்கை ஆங்கிலத்தில் படித்ததும் அதற்குப் பல வருடங்கள் கழித்து. திருவனந்தபுரம் பாளையத்து நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்கத் தெரிந்த பிறகு.

அந்தக் கட்டில் முன்னட்டை கிழிந்துபோன ஓர் இதழ் இருந்தது. பெயர் தெரியாது, முதல் நான்கு பக்கங்களும் இல்லை. ஆனாலும் உள்ளேயிருந்த ஒவ்வொரு கட்டமும் எனக்கு மனப்பாடம். பாதி முகம் கருப்பு மையில் மூழ்கி, மீதிப் பாதியில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும் பாண்ட், ஈரச் சட்டையோடு பாறையில் ஒட்டி நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. பாண்ட் என்று யார் சொன்னாலும் இன்றும் எனக்குள் எழுவது அந்தப் பாதி முகம்தான். ஏமிஸையும் கார்ட்னரையும் ஃபோக்ஸையும் நான் அளந்தது அதை வைத்துத்தான். இது ஃப்ளெமிங்கின் எந்த நாவல் என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை. அந்த நேரத்தில் அது ஒரு சின்ன ஞாபகப் பிசகாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் அந்தக் கிழிந்த இதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பார்வதிபுரம் போனேன். லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் 1958 முதல் வந்த பாண்ட் படத்தொடரை டைட்டன் நிறுவனம் தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறது. அண்ணாச்சியிடம் அவற்றில் சில உண்டு. சாப்பாட்டு மேசையில் இருந்த ஊறுகாய் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டையும் அருகருகே வைத்துப் புரட்டினோம். மூன்றாவது தொகுப்பில் அகப்பட்டது. அதே பாறை, அதே ஈரச் சட்டை, அதே பாதி முகம். ஆங்கிலத்தில் வெறுந்தோளோடு நின்ற பெண்ணுக்குத் தமிழில் யாரோ பொறுமையாக மை தீட்டி ரவிக்கை போட்டிருந்தார்கள். மற்றபடி வித்தியாசம் இல்லை. நாளிதழில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டம் என்று வந்ததால், அந்த அளவுக்கு ஒருமுறை கதை ஒரு சின்னக் கொக்கி போட்டு நிற்கும். ராணி காமிக்ஸில் அவற்றைச் சேர்த்து ஓட்டியிருந்தபடியால், பாண்ட் பக்கத்துக்கு இரண்டு முறை திடுக்கிட்டான். அந்தத் திடுக்கிடலைத்தான் நான் விறுவிறுப்பு என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கதையின் முகப்புக் குறிப்பைப் படித்தார். எழுத்து ஜிம் லாரன்ஸ், ஓவியம் யாரோஸ்லாவ் ஹோராக். ஃப்ளெமிங்கின் கதைகள் கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தபோது, 1968 முதல் லாரன்ஸ் சொந்தமாகக் கதை கட்டத் தொடங்கினார். இதுவும் அப்படிக் கட்டிய கதை. ஃப்ளெமிங் இதில் ஒரு வரியும் எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது; கதை வந்தபோது அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லாரன்ஸ் அமெரிக்கர். ஃப்ளெமிங்கை விடுங்கள், 'டாம் ஸ்விஃப்ட்' என்ற சிறுவர் வரிசையைக்கூட வேறொரு புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு எழுதியவர். பிறர் தொடங்கியதைத் தொடர்வதே அவருக்குத் தொழிலாக இருந்திருக்கிறது. ஹோராக் சீனத்தின் ஹார்பின் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஓவியர். தமிழில் அவனைப் பேச வைத்தவர் பெயர் இதழில் எங்கும் இல்லை. என்னுடைய அசல் பாண்ட் என்று நான் நாற்பது வயது வரை காப்பாற்றி வைத்திருந்தவன், ஓர் அமெரிக்கர், ஓர் ஆஸ்திரேலியர், பெயரில்லாத ஒரு தமிழர் ஆகிய மூவர் சேர்ந்து செய்தவன்.

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அப்போ ஒனக்கு ஒரிஜினலே டூப்ளிகேட்டாக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது சிரிப்பாக இல்லை. வில்லுக்குறி தாண்டும் வரை அந்த உறையை மடியில் வைத்து, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தேன். செத்தவரின் சட்டை என்று நான் இருபது வருடம் ஏளனம் செய்ததைத்தான் எட்டு வயதில் ஆசையோடு தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு ஃப்ளெமிங்கை முதலிலிருந்து திரும்பப் படித்தேன், இந்தமுறை கொஞ்சம் அந்நியனைப் பார்ப்பதுபோல. 'கேசினோ ராயல்' விடியற்காலை மூன்று மணிச் சூதாட்ட விடுதியின் புகையிலும் வியர்வை நாற்றத்திலும் குமட்டலோடு தொடங்குகிறது. 'கோல்ட்ஃபிங்கர்' தொடங்கும்போது பாண்ட் மயாமி விமான நிலையத்தில் உட்கார்ந்து, தான் கொன்ற மெக்சிகோக்காரனை நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான். சலிப்பு, அச்சம், தன்மீதே அருவருப்பு, இவற்றை மறைக்க உணவையும் உடையையும் சிகரெட்டையும் பற்றிய தேவைக்கு மீறிய கவனம். பாறையில் ஒட்டி நின்ற என் பாதி முகத்துக்காரனிடம் இவற்றில் எதுவும் கிடையாது. அவன் எதற்கும் அஞ்சியதில்லை, சலித்ததுமில்லை. எட்டு வயதுக்கு அவன் போதும். ஆனால் அவனை வைத்துக்கொண்டு ஏமிஸையும் ஃபோக்ஸையும் 'இது ஃப்ளெமிங் இல்லை' என்று நான் தள்ளியது, அவியலையே அறியாதவன் தவசிப்பிள்ளையிடம் குறை கண்டது போலத்தான்.

2015 செப்டம்பரில் 'ட்ரிகர் மார்ட்டிஸ்' வந்தது. பொட்டலம் கொண்டுவந்த பையன் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வழி கேட்க, நானே வேட்டியோடு ஓடிப்போய் வாங்கினேன். இரண்டு இரவில் முடித்தேன். ஃப்ளெமிங்கின் குறிப்பிலிருந்து வளர்ந்த ஜெர்மனிக் கார்ப்பந்தயப் பகுதி நன்றாக இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது, ஹோரோவிட்ஸ் தாமே படைத்த கொரிய வில்லன். கொரியப் போரில் நடந்த நோ கன் ரி படுகொலையில் சிறுவனாகத் தப்பி, பிறகு தன்னிடம் அகப்படுகிறவர்கள் எப்படிச் சாக வேண்டும் என்பதைச் சீட்டெடுக்கச் சொல்லித் தீர்மானிக்கிறவன் அவன். கொடுமைக்குப் பின்னால் ஒரு காயத்தை வைத்த அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். யாருடைய பாண்ட் இது என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. அண்ணாச்சியோ, முதல் பகுதியில் 'கோல்ட்ஃபிங்கர்' கதாநாயகி புஸ்ஸி கேலோரை வரவழைத்து அவசரமாக வழியனுப்பிவிட்டதை மன்னிக்கவே இல்லை. புத்தகம் கீழ்த்தட்டுக்குத்தான் போனது. ஆனால் அட்டை போட்டிருந்தார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலி திறந்த பிறகு

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சுடலைமாடன் கதையை வில்லில் கேட்கும்போது எனக்கு இந்த விவகாரம் நினைவுக்கு வருவதுண்டு. புலவர் மாறுவார், வீசுகோல் கை மாறும், கதை மாறாது. புதிதாக வந்த புலவர் எந்த இடத்தில் இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்று முன்வரிசைக் கிழவிகள் அண்ணாச்சியைப் போலவே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். இந்த ஒப்புமையை நான் முழுதாக நம்புவதில்லை. மாடன் கதைக்கு அடியில் சாமி இருக்கிறது. பாண்ட் கதைக்கு அடியில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அடுத்த எழுத்தாளர் யார் என்பதைச் சாமியாடி சொல்வதில்லை, இயன் ஃப்ளெமிங் பப்ளிகேஷன்ஸ் சொல்கிறது. ஹோரோவிட்ஸ் 2022இல் மூன்றாவது பாண்ட் நாவலோடு விடைபெற, அதே ஆண்டில் கிம் ஷெர்வுட் பாண்டைக் காணாமற்போனவனாக்கி, மற்ற இரட்டைச் சுழிய உளவாளிகளை முன்னுக்குக் கொண்டுவந்து எழுதத் தொடங்கினார். நாங்கள் அதற்கும் காத்திருந்தோம், அதற்கும் சண்டையிட்டோம்.

ஆனால் அந்த வேலியிலும் இப்போது ஒரு பக்கம் திறந்திருக்கிறது. இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்நாளில் வெளியான நூல்களுக்கு அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை. ஃப்ளெமிங் 1964இல் இறந்தார். ஆகவே 2025 ஜனவரி 1 அன்று அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த பாண்ட் நூல்கள் இந்நாட்டில் பொதுவுடைமையாகிவிட்டன. கனடாவில் 50 ஆண்டுக் கணக்கில் 2015லேயே ஆகிவிட்டது. பிரிட்டனில் 70 ஆண்டு என்பதால் 2034 முடிய வேண்டும். பெயரைச் சுற்றி வணிகக்குறி என்ற வேறு வேலி இருக்கிறது, திரைப்படங்களின் உரிமை தனி, இவை எனக்குத் தெரியும். ஆனாலும் வங்கியில் முப்பத்தைந்து வருடம் பத்திரங்களைப் படித்த அண்ணாச்சிக்கு இந்தத் தேதி ஒரு பெரிய செய்தி. புத்தாண்டு வாழ்த்துக்குப் பதிலாக அதைத்தான் சொன்னார். "இனி லண்டன்ல இருந்து ஆளு வரணும்னு இல்ல கேட்டியா. நம்ம வடசேரியில இருந்துகூட ஒருத்தன் எழுதலாம்."

அப்போதுதான் நான் அவரிடம் இதுவரை மறைத்த ஒன்றைச் சொன்னேன். மச்சில் கிடைத்த அந்தக் கட்டில் ராணி காமிக்ஸ் மட்டும் இல்லை. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது. ஆறாம் வகுப்பில் நான் எழுதிய பாண்ட் கதை. நீர்மூழ்கியிலிருந்து குளச்சல் கடலில் இறங்கும் பாண்ட், மணவாளக்குறிச்சிக் கருமணலைத் திருடும் கும்பலைத் தேடிப் போகிறான். மணலில் தோரியம் இருக்கிறது, அது அணுவுக்கு ஆகும் என்று அப்பா சொன்னதைக் கேட்டு எழுதியது. நாங்கள் இந்த மாவட்டத்தில் உளவாளிக் கதைக்கு வெளியே தேடவே வேண்டியதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, 1909ஐ ஒட்டி அதைத் தேடி இங்கே வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். என் நோட்டில் அவர் இல்லை. பதினோராம் பக்கத்தில், பாண்ட் கரையேறி, தென்னந்தோப்புக்குள் நுழைந்து, ஈரச் சட்டையைப் பிழிகிற இடத்தில் கதை நின்றுவிட்டது. அது யாருடைய சட்டை என்று இப்போது எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி அந்த நோட்டை வாங்கிப் படித்தார். எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்தினார். பிறகு, ஷோம்பர்க்கைச் சேர்த்து மிச்சத்தை எழுது, 1957லேயே நடக்கட்டும், மாநிலம் பிரிந்து குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம், கடற்கரையில் எவன் கொடி எது என்றே யாருக்கும் தெரியாத குழப்பம் இருந்திருக்கும் என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு அழைத்தார். அதற்கு அடுத்த வெள்ளியும் அழைத்தார். முன்பு ஹோரோவிட்ஸைப் பற்றிக் கேட்ட அதே குரலில், நலம் விசாரிக்காமல், "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்கிறார்.

இரண்டு அத்தியாயம் ஆகியிருக்கிறது. போன வாரம் முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பாண்ட் கரையேறிய இடம் சரிதான், சட்டை நல்ல பருத்தியா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், ஃப்ளெமிங் எழுதியிருப்பான் என்றார். பிறகு, "அது கெடக்கட்டும் மக்கா, 1957ல மணவாளக்குறிச்சியில அவன் ராத்திரி எங்க தங்குவான்? காலையில அவனுக்கு முட்டை யாரு அவிச்சுக் குடுப்பா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.